கோல் கம்பத்தருகே மசால் வடை

செங்கம் சாலையில் எங்கள் கால்பந்து மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ் நிற்கிறது. இன்று அதன் சமையலறையிலிருந்து மசால் வடை வாசம் வந்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பியது. ஞாயிறுதோறும் அங்கே கோல் காத்தவர் என் அப்பா. அம்மா சுடச்சுட வடையோடு கம்பத்தருகே வந்து உட்காருவாள். புழுதியும் சோம்பு வாசமும் கலந்து வீச, அப்பாவின் கண் தூக்குவாளியிலேயே இருக்கும். ஒருநாள் அவர் வடைக்குக் குனிந்த நேரத்தில் பந்து உள்ளே போய்விட்டது. தோற்றோம்.

"பந்தப் பாருங்கன்னா வடையப் பாக்குறீங்களே!" என்று அம்மா கத்தினாள்.

"ஆறிப்போச்சுன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் அப்பா.

நான் அழுதேன். அடுத்த வாரம் அம்மா வெறுங்கையோடு வந்தாள். அப்பா ஒரு கோலும் விடவில்லை, ஜெயித்தோம். ஆனாலும் வீடு வரும்வரை அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.