ஐந்து மணி அவனுக்கு எப்படித் தெரிந்தது?

கனடாவின் வின்னிபெக் நகர நீதிமன்றத்தில் பத்தொன்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக உட்கார்ந்தவள் டார்லா கோஸ்டுக். சாட்சிக் கூண்டில் ஏறுபவர் வாயைத் திறப்பதற்குள் ‘இவர் புளுகப்போகிறார்’ என்று சொல்லிவிடுவாள். அந்தக் கர்வத்தில்தான் நாற்பத்தேழு வயதில், வேலையை விடாமலே, இணையவழிச் சட்டப் படிப்பில் சேர்ந்தாள். யாரையும் லேசில் நம்பமாட்டாள். ரொட்டி வாங்கினாலும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள்.

பேச்சுவார்த்தைப் பயிற்சி வந்தது. வழக்கு கற்பனை, மதிப்பெண் நிஜம். டார்லா ஒரு பேக்கரியின் வக்கீல். பேக்கரி எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தில் தூக்கம் கெட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு வக்கீல், சக மாணவன் வெண்டல் ஃப்ரீசன். கல்லூரித் தளத்தில் இருவருக்கும் தனித்தனி ரகசியக் குறிப்பு. ஒருவருடையதை மற்றவர் திறக்க முடியாது. டார்லாவின் குறிப்பு இதுதான்: விடிகாலை மூன்று மணிக்கே ஃபேனைப் போடக் கேள், வேறு வழியே இல்லையென்றால் ஐந்து வரை பொறுக்கலாம்.

வெண்டல் திரையில் நிதானமாக ஆரம்பித்தான்.

“நாலு மணிக்குப் போட்டா ஆகாதா?”

“ஆகாது.”

“அஞ்சு?”

“ஆகவே ஆகாது. அப்புறம் ரொட்டி எப்ப வேகறது?”

“சரி, ஆறு?”

“என்ன, விளையாடறீங்களா?”

அதன்பின் அவன் ஐந்தை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டான். ஐந்துக்கே முடிந்தது.

டார்லாவுக்குப் பொறுக்கவில்லை. ஐந்து என்று இவனுக்கு யார் சொன்னது? பகலெல்லாம் நூலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். ஒரு குறிப்பைத் திறக்கவா தெரியாது? அன்றே பேராசிரியர் குந்தருக்குப் புகார் எழுதினாள். பதில் வந்தது: ‘நிரூபணமானால் அவர் கல்லூரியை விட்டு நீக்கப்படுவார். அவருக்கும் தெரிவித்துவிட்டேன். வீடியோ பதிவைப் பார்த்து, சந்தேகம் எந்த நிமிடத்தில் என்று குறித்து அனுப்புங்கள்.’

சனிக்கிழமை மதியம், தட்டில் பிரோகிக் கொழுக்கட்டையோடு உட்கார்ந்து பதிவை ஓடவிட்டாள். வெண்டலின் கண் எங்காவது குறிப்பைத் தேடி ஓடுகிறதா? இல்லை. பாவி, இவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி என்னதான் பார்க்கிறான் என்று தன் முகம் இருந்த கட்டத்தைப் பார்த்தாள்.

நாலுக்கு “ஆகாது” என்றபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் நுனியில் துடைத்தாள். ஐந்துக்கும் துடைத்தாள். ஆறுக்குக் கை அசையவே இல்லை.

திரும்பவும் ஓட்டிப் பார்த்தாள். அதேதான். எத்தனை சாட்சிகளை இப்படிக் கை அசைவை வைத்தே பிடித்திருக்கிறாள்! வெட்கத்தோடு தட்டைத் தள்ளி வைத்தாள்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பிவிட்டு வெண்டலைத் திரையில் அழைத்தாள். இரண்டு நாள் தூங்காத முகத்தோடு வந்தான்.

“என்ன வக்கீலம்மா, என்னைக் காலேஜை விட்டே துரத்தப் பாத்தீங்களாமே?”

“அய்யோ, உங்கமேல சந்தேகம்னு இல்ல வெண்டல். சும்மா, விதிமுறைக்காக ஒரு…”

“டார்லா.”

“என்ன?”

“கண்ணாடி.”

ஸ்வெட்டர் நுனியில் கை அப்படியே நின்றது. மெல்லக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“திருடன்னே முடிவு பண்ணிட்டேன்,” என்றாள். “தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க.”

வெண்டல் திரையருகே குனிந்தான். அவள் கைகளைப் பார்த்தான். இரண்டும் மேஜைமேல் இருந்தன.