ஆல்பத்தில் இருந்த வெள்ளி

செலவில்லாமல் ஆல்பம் செய்யக் கிளம்பியவன் நான்தான். நாளை ஊரை விட்டே போகும் நண்பன் குமரனுக்காக, பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தைத்து, நாங்கள் ஊட்டி போன படங்களை ஒட்டி, அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவை ஜரிகையை வெட்டிப் பக்கத்துக்குப் பக்கம் பார்டர் வைத்திருந்தேன்.

மாலை வீட்டுக்கு வந்தால் படங்கள் ஒரு பக்கம், அட்டைகள் ஒரு பக்கம். பார்டரைக் காணோம்.

"பழைய ஜரிகை வாங்கறவரு வந்தாருபா. அசல் வெள்ளி, அதப் போயி கோந்து போட்டு ஒட்டிக்கினு இருக்கியே" என்றார் அம்மா. பதிலுக்கு வந்த எவர்சில்வர் டப்பாவையும் காட்டினார்.

"அப்ப படத்தையெல்லாம் இதுலயே போட்டு அவனுக்குக் குடுத்துடறேன்மா."

"குடு. டப்பாவ மட்டும் மறக்காம திருப்பி வாங்கிக்கினு வந்துடு."

எவர்சில்வரை எதிர்த்து எனக்கு நியாயம் எவர் சொல்வர்? கமெண்டுக்கு வாருங்கள்.