எண்ணமுள்ளோர் ஜாபிதா

போன மாதம் எங்கள் பக்கத்துச் சட்டசபை மெம்பர் அரியலூரில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வக்கீல் சார், உங்க கட்டுரையைப் படிச்சேன். ரயில்லயே அழுதுட்டேன். விடுவேனா? சட்டசபையில கேள்வி போட்டுட்டேன்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. கரி பஸ், ரேஷன் கடை, கத்தரிக்காய் விலை என்று வாரா வாரம் புலம்புகிற ஆசாமி நான். அதைப் படித்துவிட்டு இதுவரை யாரும் எங்கேயும் கேள்வி போட்டதில்லை. காபியில் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போடும்படி மனைவிக்கு ஜாடை காட்டினேன். ரேஷன் சர்க்கரை... முறைத்துக்கொண்டே போட்டாள்.

எந்தக் கட்டுரை? பரீட்சை முடிவு வந்த சமயத்தில் எழுதினேனே, அது. எஸ்.எஸ்.எல்.சி. தேறாத ஒரு பெண் மனமுடைந்து உயிரை விட முயன்று, நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். எப்படி, என்ன என்பதை அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுத மாட்டேன். பெயரையும் எழுதவில்லை. அதில் எனக்கு ஏகப் பெருமை வேறு. 'செந்துறைப் பக்கம் ஒரு கிராமம், பள்ளிக்கூட வாத்தியார் மகள், அந்த ஊரிலிருந்து ஹைஸ்கூலுக்குப் போன முதல் பெண்' என்று மட்டும் எழுதினேன்.

மட்டும்!

அப்படி அந்தப் பக்கத்தில் எத்தனை பெண்கள் இருப்பார்கள்? ஒரே ஒருத்திதான். பேசாமல் மேரி என்று பெயரையே போட்டிருக்கலாம். அது வேதக்கார ஊர், தெருவுக்கு நாலு மேரி உண்டு. யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது.

மெம்பர் வந்துபோய்ப் பத்து நாள் இருக்கும். கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் அந்தப் பெண்ணின் அப்பா. சூசை என்று வைத்துக்கொள்வோம். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மகள் விஷயத்தை அவன்தான் ஒருநாள் ரயிலடியில் என்னிடம் சொல்லி அழுதான். அதைத்தான் நான் கட்டுரையாக்கினேன். அவனைக் கேட்டேனா? இல்லை.

"ஏம்ப்பா," என்றான். "உன்கிட்ட மனசு விட்டுச் சொன்னேன். நீ பத்திரிகைக்குச் சொன்ன. பத்திரிகை சட்டசபைக்குச் சொல்லிடுச்சு. இப்ப சட்டசபை மணியக்காரருகிட்ட சொல்லி, அவரு என் வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. நல்லா இருக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டசபையில் ஒருவர் கேள்வி கேட்டால் மந்திரிக்குப் பதில் எங்கிருந்து வரும்? ஆகாயத்திலிருந்தா? கலெக்டரைக் கேட்பார்கள். கலெக்டர் ஆபீஸ் தாசில்தாரைக் கேட்கும். தாசில்தார் ஆபீஸ் ரெவினியூ இன்ஸ்பெக்டரைக் கேட்கும். அவர் ஊர் மணியக்காரரைக் கேட்பார். மணியக்காரர் யாரைக் கேட்பார்? நேரே அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்!

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். நம் நாட்டில் உயிரை விட முயல்வது குற்றம். பிழைத்து வந்த பிள்ளையிடம் 'பிழைத்தாயே' என்று சந்தோஷப்படாமல் சம்மன் நீட்டுகிற சட்டம். ரிப்போர்ட்டில் பெயர் ஏறினால் நாளைக்குப் போலீஸ் வந்தாலும் வரும். இருபது வருஷமாகக் கறுப்புக் கோட்டு மாட்டுகிறேன். கட்டுரை எழுதிய அன்று இது என் மண்டையில் ஏறவில்லை.

"பாப்பா எங்கே?" என்றேன்.

"ரெண்டு நாளா உள்ளயே கெடக்கா. சோறு தண்ணி இல்ல. அவ அம்மா கதவோரமா பாயப் போட்டு உக்காந்திருக்கா. எனக்குப் பயமா இருக்குப்பா..."

கோர்ட்டாவது ஒன்றாவது! இரண்டு பேரும் ஓடிப்போய் செந்துறை பஸ்ஸில் ஏறினோம். பெட்ரோல் பஞ்சத்தில் கரியடுப்பு மாட்டிய கரி பஸ். வழியில் மூன்று தடவை நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் இறங்கி நானும் சேர்ந்து கரியடுப்பின் விசிறியைச் சுற்றினேன். போய்ச் சேருவதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சூசையின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

வீட்டில் மணியக்காரர் பலகையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சாயங்காலத் தபால்ல போயாகணுங்க வக்கீல் சார். இல்லன்னா என் வேலைக்கே வேட்டு வெச்சுடுவாங்க."

நான் ஒரு பிடி பிடித்தேன். சாட்சியம் என்றேன், ஹைகோர்ட் என்றேன், சுயராஜ்யம் வந்த லட்சணமா இது என்றேன். மேஜை இல்லாததால் தொடையில் தட்டினேன். குற்றம் செய்தவன் நான். சத்தம் போட்டதும் நான்தான்!

கதவு திறந்தது. பதினேழு வயதுப் பெண். கண் வீங்கியிருந்தது. நேரே மணியக்காரரிடம் போனாள்.

"அந்தக் காயிதத்தைக் குடுங்க."

வாங்கிப் படித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மெம்பர் போட்ட கேள்வி என்ன? 'பரீட்சையில் தவறி மனமுடையும் இளைஞர்களுக்காக சர்க்கார் என்ன செய்ய உத்தேசம்?' நல்ல கேள்விதான். ஆனால் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு குமாஸ்தா அதைச் சுருக்கியிருக்கிறார். ஊருக்கு வந்து சேர்ந்தபோது மிஞ்சியது ஒரு பெயர்ப் பட்டியல்: 'பரீட்சை தவறி உயிர் விடும் எண்ணமுள்ள இளைஞர் ஜாபிதா. பெயர், வயது, குறிப்பு.'

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சத்தியமாகச் சிரித்தாள்.

"எண்ணம் இருக்கறவங்கல்லாம் பேர் குடுக்க வரிசையில வந்து நிப்பாங்களாக்கும்?"

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப இருந்துச்சு. இப்ப இல்ல."

"நெசமாவா பாப்பா?" என்றான் சூசை.

"நெசமாத்தாம்ப்பா. நீங்க ஒருத்தரும் கேக்கவே இல்லையே. நான் தண்ணி குடிக்கப் போனாக்கூட பின்னாலயே வந்தீங்க. பேச்சை மாத்துனீங்க. பூசைக்குப் போனா ஊரே திரும்பிப் பாக்குது, ஒருத்தர் வாய் தொறக்கல. ரெண்டு நாளா சாப்பிடாதது கோவத்துல. உங்க மேலயும் கோவம், அம்மா மேலயும் கோவம். இந்த வக்கீல் சார் மேலதான் ஜாஸ்தி."

தேவைதான் எனக்கு. "மன்னிச்சுக்கம்மா, தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"சில நாள் மறுபடி கஷ்டமா இருக்குப்பா. அன்னிக்கு வந்து சொல்லவா? திட்ட மாட்டீங்களே?"

"சொல்லும்மா. ராத்திரி பகல்னு பாக்காத, எழுப்பிச் சொல்லு" என்றாள் அம்மா. சூசை, மகள் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் மணியக்காரரும் சேர்த்தி.

யோசித்துப் பாருங்கள். மூன்று மாதம். பெற்றவர்கள் கேட்கவில்லை. உபாத்தியாயர்கள் கேட்கவில்லை. அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நான் கேட்கவில்லை. கடைசியில் சர்க்கார் கேட்டது. அதுவும் தப்பாக!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மணியக்காரருக்குக் கையெழுத்துப் போடுவதே கஷ்டம். லீவு நாட்களில் அவருடைய ரிப்போர்ட்டுகளை எழுதிக்கொடுப்பது இந்தப் பெண்தானாம். பழக்க தோஷம்... மசிக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயே எழுதிடு தாயி."

அவளே எழுதினாள். பெயர் என்ற கட்டத்தில்: 'ஒருவரும் இல்லை.' பொய்யா? இல்லவே இல்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில். வக்கீல் நானே அதில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. குறிப்பு என்ற கட்டத்தில் ஏதோ எழுதப் போனாள்.

"கட்டம் சின்னதும்மா" என்றார் மணியக்காரர்.

"பொடிசா எழுதுறேன்." எழுதினாள்: 'தேறாதவர்கள் மறுபடி படிக்க வழி செய்தால் இந்த ஜாபிதா தேவைப்படாது.'

தபால் போயிற்று. உள்ளேயிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே... அப்பாடா! எந்தக் கேஸ் ஜெயித்தபோதும் எனக்கு அப்படி வந்ததில்லை.

போன வாரம் பேப்பரில் சட்டசபைச் செய்தி. ஆறு வரி. அப்படிப்பட்ட இளைஞர் அந்தத் தாலுகாவில் எவரும் இல்லை என்று மந்திரி பதில் சொன்னார். உடனே ஓர் அங்கத்தினர், சினிமாதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்றார். இன்னொருவர், பெண்களுக்கு எதற்கு இங்கிலீஷ் படிப்பு என்றார். மூன்றாமவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் போதாது என்றார். சபையில் சிரிப்பு. அடுத்த கேள்வி வெல்லத்தின் விலை பற்றியது. பொடிசாக எழுதிய அந்தக் குறிப்பு வழியில் எந்த ஆபீஸில் உதிர்ந்ததோ, சென்னை போய்ச் சேரவில்லை.

மெம்பருக்கு வருத்தம். "என் கேள்வி வீணாப் போச்சே சார்!" என்றார்.

"வீணாகவில்லை, ஒரு வீட்டில் பதில் கிடைத்துவிட்டது" என்றேன். குறிப்பைப் பற்றியும் சொன்னேன். இந்தத் தடவை அதையே கேள்வியாகப் போடுகிறாராம். ஊர்ப் பெயர் இல்லாமல்!

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புத்தி வந்துவிட்டதே! அடுத்த பரீட்சைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், அந்தப் பென்சிலாலேயே நாலு இடத்தில் அடித்தாள். கடைசியில் பெற்றோர்களுக்கு என்று பத்து வரி உபதேசம் எழுதியிருந்தேன். முழுசையும் அடித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தாள்.

கேளுங்கள்.