எங்கண்ணன் சிரிச்ச ரெண்டு சிரிப்பு

...அதுக்குப் போயி உன்ர ஊட்டுக்காரரு எம்மேல கோவிச்சுக்கிட்டாராமே, சரசு? நா என்ன கண்ணு பண்ணிப்போட்டேன்? காத்தால கால்ல அந்தத் துணிக்கட்டோட வாசல்ல நின்னவரு என்னயப் பாத்துச் சிரிச்சாரு. "எங்க, வாயத் தொறந்து காட்டுங்க"ன்னேன். வெடுக்குன்னு உள்ள போயிட்டாரு. இந்த லைன் ஊட்டுல சிரிக்கற எல்லாத்தையுந்தான் கேக்கறேன். இந்திக்காரப் பசங்க என்னயக் கண்டாலே "பாட்டி, ஆ"ன்னு காட்டிப்போட்டுத்தான் கம்பெனிக்குப் போறானுங்க. என்ன சமத்து!

அந்த வெங்காயத்த இப்பிடித் தள்ளு, உரிச்சுக்கிட்டே சொல்றேன்.

குன்னத்தூருப் பக்கம் எங்க தோட்டம். எனக்கு ஏழெட்டு வயசு. பழனின்னு எங்கண்ணன், மீசை மொளைச்சவன், என்ர முறுக்கைப் புடுங்கித் தின்னுட்டு மூஞ்சியக் கோணிக்காட்டறதே அவனுக்கு வேலை. ஒரு நா காத்தால பல்லெல்லாந் தெரிய என்னயப் பாத்துச் சிரிக்கறான். நானும் உடுவனா? நாக்கத் துருத்திப் பழிச்சுக் காட்டுனேன். அவன் சிரிப்ப நிறுத்தவேயில்ல. அம்மா கம்மஞ்சோத்த உருட்டி வாயில வெக்கப் போனா, வாயே தொறக்கல. பத்து நாளைக்கு முன்னால வேலிமுள்ளு குத்துனதுக்குச் சாணியப் பூசிக் கட்டியிருந்தாங்க. ரண ஜன்னிங்க அது, இப்ப டி.டி. ஊசி போடறாங்களே, அந்தச் சீக்கு. வாயப் பூட்டிரும். மூஞ்சி சிரிக்கும், கண்ணுல தண்ணி கொட்டும்.

கோயமுத்தூரு ஆசுபத்திரியில கருப்புத்துணி கட்டுன ரூமுல போட்டாங்க. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒரு டம்ளரு விழுந்தாப் போதும், ஒடம்பு வில்லாட்டம் வளையும். எங்கம்மா மெட்டி, வளையல் எல்லாத்தையும் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அப்பிடி வளைஞ்சதுலயே முதுகெலும்பு ஒண்ணு நசுங்கிப்போச்சு. ஒன்றரை மாசங் கழிச்சுக் கூனிக்கிட்டு வந்தான். வந்தானே, அதுக்கே கெடா வெட்டுனம்! நா ரெண்டு எலும்பு அதிகமாத் தின்னு வகுறு வலிச்சு உருண்டது தனிக்கதை.

கெளம்பறப்பவே நர்ஸம்மா சொன்னாங்க, "மறுக்கா ஊசி போட வரோணும், மறந்தராதீங்க"ன்னு. எங்கம்மா ஒரே சிரிப்பு. "ஏனுங்க, அம்மை ஒருக்கா போட்டா மறுக்கா போடுமுங்களா? வந்துட்டுப் போனதுதானுங்களே." நர்ஸம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. "இது அம்மையில்லீங்க, எத்தன தடவ வேணாலும் வரும்." யாரு கேட்டா?

மூணு வருசம் போச்சு. அண்ணன் திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போனான். மெஷின் ஊசி உள்ளங்கையில ஏறிருச்சு. மொதலாளி ஊசி போடக் கூப்புட்டதுக்கு, "எனக்கு வந்துட்டுப் போயிருச்சுங்க"ன்னு பெருமையாச் சொன்னானாம்.

ஒரு வாரமிருக்கும். தூக்குப்போசியில சோறெடுத்துக்கிட்டு அம்மாகூடப் போனேன். கம்பெனி கேட்டுக்கு முன்னால வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டிருந்தான். என்னயப் பாத்தான். சிரிச்சான்.

எனக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு. அம்மாவுக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போசிய உட்டுட்டேன். கல்லுல டங்குன்னு உழுந்துச்சு பாரு, அந்தச் சத்தத்துக்கே அண்ணன் அப்பிடியே பின்னால வளைஞ்சு சாஞ்சான். என்ர கையில இருந்து உழுந்த சத்தம். அதே ஆசுபத்திரி, அதே கருப்புத்துணி, அதே நர்ஸம்மா. அவிய ஒண்ணுமே திட்டல. நாலாம் நாளு மூச்சு நின்னுபோச்சு. "வந்துட்டுப் போனதுதானே, வந்துட்டுப் போனதுதானே"ன்னு எங்கம்மா சாகற வரைக்கும் பொலம்புனா.

இப்ப யாருக்குங்க அந்தச் சீக்கு வருது? அந்தக் கருப்புத்துணி ரூமே இப்ப இல்லீங்கறாங்க. இருந்தும் கேட்டுப்போடறேன், பழக்கம். உன்ர ஊட்டுக்காரருகிட்டச் சொல்லு, கெழவி கேலி பண்ணலைன்னு.

என்ன கண்ணு, உரிக்காம உக்காந்திருக்கற? காத்தால வெச்ச இட்லிய அப்பிடியே வெச்சுட்டாரா? எம்மேல கோவத்துலயா? ...மெல்ல வரல, தாடை புடிச்சிருக்குதுன்னாரா? கால்ல தகரங் கிழிச்சதுக்கு ஊசி போட்டாரா, இல்லியா? ...பள்ளிக்கூடத்துல போட்டதே போதும்னாரா?

வெங்காயத்தக் கீழ வெய்யி. ஆட்டோவக் கூப்புடு. கொலுசக் கழட்டிட்டு உள்ள போ, டிவி ஓடுனா நிறுத்திப்போடு. கதவு சத்தங் கேக்கக்கூடாது. நா அடுப்ப அணைச்சுட்டு வந்தர்றேன்.