பளபளத்த ஆப்பச்சட்டி

இரண்டாயிரத்து ஐந்தில் மழை பிடித்துக்கொண்டதும் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றது. எனக்கும் கணவருக்கும் அதுதான் பிழைப்பு. தை மாதம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. வாசலில் ஆப்பக்கடை போடலாம் என்றேன். அவர் சரி என்றார். மாமியார் வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வீடு அவருடையது. அவருக்குப் பிடிக்காமல் அங்கே அடுப்பு வைக்க எனக்கு மனசில்லை, ஆசையும் விடவில்லை.

புதுச்சேரியில் பாத்திரக்கடைக்குப் போனோம். கணவர் நேராக எவர்சில்வர் பக்கம் போய் ஓர் இட்லிக் குண்டானைத் தட்டிப் பார்த்தார். ஆயுசுக்கும் உழைக்கும், பேசாமல் இட்லியே போடு என்றார். என் கண்ணெல்லாம் நான்ஸ்டிக் ஆப்பச்சட்டி மேல்தான், அதையே வாங்கினேன். வீட்டு இரும்புச்சட்டியில் நான் ஊற்றிய ஆப்பம் ஒன்றுகூட முழுசாக வந்ததில்லை. மரக்கரண்டிதான் போட வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று கைக்குழந்தையைக் கொடுப்பவர் மாதிரி கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அதையெல்லாம் நான் மாமியாரிடம் சொல்லவில்லை. கடைப் பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார்.

ஒத்திகைக்கு ஊற்றிய ஆப்பம் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. மாமியார் இரண்டு தின்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கடை போடும் அன்று விடியலில் எழுந்து வந்தால், கிணற்றடியில் சட்டி வெள்ளைவெளேரென்று கிடந்தது. எங்கள் பக்கம் உப்பளத்தில் ஒதுக்கிப்போடும் அழுக்கு உப்புதான் பாத்திரம் விளக்குகிற பொடி. அந்தக் கல்லுப்பையும் தேங்காய் நாரையும் வைத்து மாமியார் தேய்த்த தேய்ப்பில் கறுப்பு முழுக்கப் போய், உள்ளே அலுமினியம் பல்லிளித்தது. சட்டி புதிதாக வந்தபோது அவர் பார்க்கவே இல்லை.

கடையைக் கெடுக்கத்தான் செய்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டு அத்தை தேய்ச்சீங்க?" என்றேன்.

"கரி புடிச்ச சட்டிய வாசல்ல வெச்சா நாலு பேரு என்னாம்மா சொல்லுவாங்க? மொத நாளு கடை. அதான் எந்திரிச்சு வெளக்கி வெச்சேன்."

வேண்டாம் என்றிருந்தவர், கடைக்காக எனக்கு முன்னால் எழுந்திருக்கிறார். அது கரியில்லை, ஆப்பம் ஒட்டாமலிருக்கப் பூசிய பூச்சு என்று மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், வீட்டிலிருந்த பழைய பானையில் துணி கட்டி, என் ஆப்ப மாவை இட்லியாக ஊற்ற ஆரம்பித்தார். தட்டையாகத்தான் வந்தது, ஆனால் பூப்போல இருந்தது. அடுப்பை வாசலுக்குத் தூக்கி வந்ததும் அவர்தான்.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, இது யார் கடை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் இட்லி வைக்கத் தட்டை எடுத்துவிட்டார்.

"எங்க கடைதாம்பா. எம் மருமவ போட்டிருக்கா. உக்காரு."