அன்சி ஏரிக்கரையில் ஒதீல் செய்தது

கல்யாணம் நின்றுபோன செய்தி வந்தபோது ஒதீல் ஒரு காதில் தோடு போட்டிருந்தாள். இன்னொன்று கையில் இருந்தது. அவள் புருஷன் ரெமி போனைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றான். மறுமுனையில் அவன் அக்கா. மாப்பிள்ளை அந்த அக்காவின் மகன். முந்தின நாள் விருந்தில் யாரை எந்த மேஜையில் உட்காரவைப்பது என்று பேச்சு முற்றி, மாமனாராக வேண்டியவரின் மூக்கை உடைத்துவிட்டானாம். பெண் வீட்டார் பொழுது விடிவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்களாம்.

"மூக்கா?" என்றாள் ஒதீல்.

"மூக்குதான். ரெண்டு இடத்துல."

"எங்க குடும்பத்துல கை நீட்டுற ஆளே கிடையாதுன்னு பெருமையடிப்பியே."

"அவன் அவங்க அப்பன மாதிரி," என்றான் ரெமி. அதைச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அது ஜூன் மாதம், சனிக்கிழமை. ஒதீலுக்கு நாற்பத்தாறு வயது. பிரான்சில் பொலின்யி என்ற ஊரில் சீஸ் பழுக்கவைக்கும் நிலவறையில் இருபத்துநான்கு வருஷமாக வேலை. ஒரு சீஸ் வட்டு நாற்பது கிலோ. பலகையிலிருந்து அதை இறக்கி, உப்புத்தண்ணீரில் தேய்த்து, திருப்பிப் போட்டு மறுபடி ஏற்ற வேண்டும். எந்திரம் வருகிறது, வருகிறது என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை ஒதீலின் தோள்தான் எந்திரம். கல்யாணத்துக்கு வாங்கிய நீல கவுனின் கைத்தையலை இரண்டு முறை பிரித்துத் தைத்த பிறகே அவளால் கையைத் தூக்க முடிந்தது.

ரெமி பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் வண்டியில் பால் எடுத்துவருபவன். மாடு ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்துப் பால் கறப்பதில்லை. அதனால் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து எங்கும் போனதே இல்லை. இந்தக் கல்யாணத்துக்காகக் கெஞ்சி வாங்கிய இரண்டு நாள் லீவு கையில் இருந்தது. கல்யாணம்தான் இல்லை.

"உடுத்தியாச்சு. வேன்ல பெட்ரோல் இருக்கு. கிளம்பு, அன்சி ஏரிக்குப் போலாம்," என்றான் ரெமி.

"எங்க தங்குறது?"

"வேன்லதான். மெத்தைய தூக்கிப் போடு."

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மெத்தை, கேஸ் அடுப்பு, ரொட்டி, வேலையிடத்தில் சும்மா கிடைக்கும் சீஸ் துண்டுகள், வீட்டில் இருந்த ஒரு பாட்டில் வெள்ளை ஒயின். கல்யாணப் பரிசு வேனின் பின்சீட்டிலேயே கிடந்தது. நீளப் பிடி வைத்த, வார்ப்பிரும்பு வாணலி. மணமக்களுக்கு ஆயுசுக்கும் உழைக்கட்டும் என்று ஒதீலே தேர்ந்தெடுத்தது.

சாயங்காலம் கல்யாண உடுப்பிலேயே அன்சியின் கால்வாய் ஓரத்தில் நடந்தார்கள். இவர்களைப் பார்த்து ஒரு ஓட்டல் வெயிட்டர் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். மெனு அட்டையைப் பார்த்த ரெமி, "மன்னிக்கணும், எங்க காரோட்டி காத்துக்கிட்டிருக்கான்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். ஒதீல் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். அவ்வளவு சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை முழுக்க ஏரியில் நீந்தினார்கள். மதியம் ஒதீல் மறுபடி அதே நீல கவுனை மாட்டிக்கொண்டு, கரையோரக் கார் நிறுத்துமிடத்தில், வேனின் பின்கதவைத் திறந்துவைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். சமைக்கப் பாத்திரம் எடுத்துவரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பரிசுக் காகிதத்தைப் பிரித்து வாணலியை எடுத்தாள். சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. ரெமி ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு வண்டி தள்ளி ஒரு வெள்ளைக் கார். அதற்குள்ளிருந்து ஒரு ஆள் இறங்கி, சுற்றிவந்து, மறுபக்கக் கதவைத் திறந்து ஒரு பெண்ணை முடியைப் பிடித்து இழுத்தான். அவள் சத்தம் போடவில்லை. சரளைக்கல்லில் முழங்கால் உரசிக்கொண்டு வந்தாள். அவன் காலால் அவள் விலாவில் உதைத்தான். அவசரமே இல்லாமல், மூட்டையை ஓரம் தள்ளுகிறவன் மாதிரி உதைத்தான். மறுபடி உதைத்தான்.

அப்படிச் சத்தம் போடாத பெண்ணை ஒதீலுக்கு நன்றாகத் தெரியும். ஒதீலின் அம்மா அப்படித்தான் அடி வாங்குவாள். மரம் வெட்டும் அப்பா வாரக் கூலி வாங்கிய அன்றும் அடித்தார், வாங்காத அன்றும் அடித்தார். பெல்ட்டால், விறகால், கையில் கிடைத்ததால். கடைசியில் அம்மா வீட்டு நிலவறைப் படியில் விழுந்து செத்தாள். விழுந்தாள் என்றுதான் ஊர் சொல்லிற்று. அன்று ஒதீலுக்குப் பதினேழு. அதற்குப் பிறகு அவள் ஒரு நாயைக்கூட ஓங்கி அதட்டியதில்லை.

ரெமி துண்டைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். ஆள் ஒல்லி, குரலும் மெல்லியது. "சார், போதும் விடுங்க. நிறுத்துங்க," என்றான்.

அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் டிக்கியில் கைவிட்டு வீல் ஸ்பேனரை எடுத்து, திரும்புகிற வேகத்திலேயே வீசினான். அடி ரெமியின் இடது காதில் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல ஒரு சத்தம். ரெமி ஒரு அடி பின்னால் வைத்தான், இன்னொரு அடி வைக்கப் பார்த்தான், அப்படியே சரிந்தான். அந்த ஆள் ஸ்பேனரை மறுபடி ஓங்கினான்.

ஒதீல் ஓடியது அவளுக்கு நினைவில்லை. கையில் வாணலி இருந்தது. கொதிக்கிற கொழுப்பு அவன் கழுத்திலும் தாடையிலும் சிதறியது. அவன் மாடு கத்துவது போலக் கத்தினான். முதல் அடியில் ஸ்பேனர் பிடித்த மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவது அடி முகத்தில். அவன் மல்லாந்து விழுந்தான். கை கால் உதறியது, பிறகு உதறவில்லை.

ஒதீல் அவன் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு அடித்தாள். நிலவறையில் வட்டைத் திருப்புகிற அதே மூச்சு. இறக்கு, ஏற்று, இறக்கு. இருபத்துநான்கு வருஷம் கற்றுக்கொண்ட தாளம் கையில் தானாக வந்தது. ரத்தம் நீல கவுனில் தெறித்தது. யாரோ எங்கோ கூவினார்கள். ரெமி தரையில் கிடந்தபடி, "ஒதீல், போதும்... ஒதீல்," என்றான். அது அவளுக்குக் கேட்டது. கேட்டும் அடித்தாள்.

அப்போது முதுகில் ஏதோ பாய்ந்தது. தோளில் பல் இறங்கியது. ஒதீல் யாரென்று பார்க்காமல் முழங்கையைப் பின்னால் செலுத்தினாள். பல் உடையும் சத்தம் கேட்டது. பாரம் கழன்று விழுந்தது. திரும்பினாள். உதை வாங்கிய அந்தப் பெண் சரளையில் கிடந்தாள். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. ஒதீல் திரும்பியதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உடம்பைச் சுருட்டிக்கொண்டாள்.

ஒதீல் வாணலியைக் கீழே வைத்தாள். போடவில்லை, மெதுவாக வைத்தாள். போலீஸ் வரும்வரை ரெமியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆளின் பெயர் தியெரி. பெண் அவன் மனைவி கோரின். பதினோரு அடி என்று மூன்று சாட்சிகள் சொன்னார்கள். ஒதீல் நாலு என்று நினைத்திருந்தாள். தியெரி செத்துப்போகவில்லை. இடது கண் போயிற்று, மணிக்கட்டு எலும்பு திரும்பச் சேரவே இல்லை, தாடையில் கம்பி வைத்தார்கள். ரெமிக்கு இடது காது நிரந்தரமாகப் போயிற்று. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வான்.

வழக்கு மறு வருஷம் பிப்ரவரியில் விசாரணைக்கு வந்தது. ஒதீலின் வக்கீல் இளம் பெண், கெட்டிக்காரி. "அவன் எந்திரிச்சு மறுபடி அடிப்பான்னு பயந்தேன்னு சொல்லுங்க மேடம். அது போதும். உங்கள விட்டுருவாங்க," என்று பத்து முறையாவது சொல்லிக்கொடுத்தாள்.

முதலில் கோரினைக் கூப்பிட்டார்கள். அவள் ஒதீலைக் கைகாட்டி, "எங்க வீட்டுக்காரர் அசையாம கிடந்தார். இந்தம்மா நிறுத்தவே இல்ல. நான் மட்டும் பாயாம இருந்தா கொன்னிருப்பா," என்றாள். முன்பல் இருந்த இடம் காலியாக இருந்தது. அதனால் சில வார்த்தைகள் காற்றாக வந்தன.

பிறகு நீதிபதி ஒதீலைக் கேட்டார். வயதான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். "முதல் ரெண்டு அடி எனக்குப் புரியுது மேடம். உங்க கணவரைக் காப்பாத்த அடிச்சீங்க. மீதி ஒம்பது?"

ஒதீல் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் தலையசைத்தாள்.

"பயந்து அடிச்சேன்னு சொல்லச் சொன்னாங்க," என்றாள் ஒதீல். "அது பொய். அவன் எந்திரிக்கமாட்டான்னு தெரியும். நிறுத்த மனசு வரல."

"ஏன்?"

"நல்லா இருந்துச்சு."

கோர்ட்டில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. வக்கீல் பேனாவை மூடிவைத்தாள்.

ஒதீலுக்கு எட்டு மாதம், தியெரிக்கு ஒரு வருஷம். இரண்டும் உள்ளே போக வேண்டியதில்லாத தண்டனை, இனி தப்புச் செய்தால்தான் உள்ளே. வெளியே படியிறங்கும்போது வக்கீல், "ஒரு வாக்கியம் மேடம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தா விடுதலை," என்றாள். பிறகு எச்சரித்தாள்: "தியெரி வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க. மன்னிப்பு கேக்கக்கூட."

தண்டனையை ஒதீல் தாங்கிக்கொண்டாள். வீட்டில்தான் தாங்க முடியவில்லை. ரெமி அவளோடு சண்டை போடவில்லை, ஒதுங்கவும் இல்லை. ஆனால் அவள் ரொட்டி வெட்டக் கத்தியை எடுத்தால் அவன் நாற்காலி லேசாகப் பின்னால் நகரும். தூக்கத்தில் அவள் கை மேலே பட்டால் விழித்துக்கொள்வான். ஒரு ஞாயிறு காலை காப்பி குடிக்கும்போது அவள் நேராகக் கேட்டுவிட்டாள்.

"என்னைப் பாத்தா பயமா இருக்கா?"

அவன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பினான். கேள்வியைத் திரும்பச் சொல்ல வைப்பதற்காக அல்ல, யோசிப்பதற்காக.

"ஆமா," என்றான்.

"நான் உன் மேல என்னைக்காவது..."

"இல்ல. அது எனக்குத் தெரியும். என் முதுகுக்குத் தெரியல. அன்னைக்கு நான் கூப்பிட்டும் நீ நிக்கலையே."

"கேட்டுச்சு," என்றாள் ஒதீல். "நீ கூப்பிட்டது கேட்டுச்சு."

"தெரியும். நீ என்னைத் திரும்பிப் பாத்தே. பாத்துட்டு மறுபடி அடிச்சே."

தான் திரும்பிப் பார்த்ததை அவள் அறிந்திருக்கவில்லை.

"எத்தனை நாளைக்கு இந்தப் பயம்?"

"எனக்கென்ன தெரியும். கொஞ்சம் கொஞ்சமா குறையுது. அவசரப்படுத்தாத."

ஏப்ரலில் ஒதீல் வக்கீல் சொன்னதை மீறினாள். தன் அப்பா யாரிடமும் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ரெமிதான் வண்டி ஓட்டினான். தியெரியின் வீடு அன்சிக்கு மேலே ஒரு குடியிருப்பில், தரைத்தளம். ரெமி எதிரே நிறுத்திவிட்டு, "நான் வரல. ஆனா பாத்துக்கிட்டே இருப்பேன்," என்றான்.

கதவைத் திறந்தது கோரின். அவளுக்குப் பின்னால் சன்னலோரத்தில் தியெரி உட்கார்ந்திருந்தான். ஒதீலை அடையாளம் கண்டதும், நல்ல கையை முகத்துக்கு முன்னால் உயர்த்திக்கொண்டான். ஒதீல் வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள்.

"உங்க பல்லுக்காக வந்தேன்," என்றாள். "உங்கள அடிச்சதுக்கு மன்னிப்பு..."

கோரின் அறைந்தாள். முழுக்கையும் வீசி, கன்னத்தில். ஒதீலின் தலை கதவுச்சட்டத்தில் மோதியது. நிமிர்ந்தாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். கோரின் மறுபடி அறைந்தாள்; இந்த முறை உதடு கிழிந்தது. ஒதீலின் விரல்கள் ஒன்றையொன்று நசுக்கின. கோத்த கை பிரியவில்லை.

கோரினுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப அவர் என்னை அடிக்கிறதில்ல," என்றாள், தாழ்ந்த குரலில். "அடிக்க முடியாது. சாப்பாட்டக் குழைச்சுக் குடுக்குறதே நான்தான். அதுக்கு நான் உனக்கு நன்றி சொல்லணுமா?"

"வேணாம்."

"நான் என்னைக்காவது கிளம்பிப் போயிருப்பேன். பையெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். இந்த நிலமையில அவர விட்டுட்டு எப்படிப் போறது? சொல்லு."

கோரின் கதவைச் சாத்தவில்லை. சட்டத்தைப் பிடித்தபடி ஒதீலின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "போ," என்றாள்.

வேனில் ஏறி உட்கார்ந்து ஒதீல் கைக்குட்டையால் உதட்டை அழுத்திக்கொண்டாள். ரெமி வண்டியைக் கிளப்பவில்லை.

"ரெண்டா?" என்றான்.

"ரெண்டு."

"எனக்குக் கதவத் திறந்து ஓடி வரணும்போல இருந்துச்சு. அவளக் காப்பாத்தவா, உன்னைக் காப்பாத்தவான்னு தெரியல."

"எனக்கும் தெரியல."

ரெமி சாவியைத் திருப்பினான். ஏரிக்கரைச் சாலையில் வண்டி இறங்கியது. வெயிலில் மின்னிய தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் அவன் கியரிலிருந்து கையை எடுத்து அவள் முழங்காலின் மேல் வைத்தான். பத்து மாதத்தில் அவனாக வைத்தது அதுதான் முதல் முறை. ஒதீல் அதைத் தொடாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குது," என்றான் ரெமி. "உனக்கு மெல்ல முடியுமா?"

"ஒரு பக்கமா மெல்லுவேன். நிறுத்து எங்கயாவது."