மேசைக்கு அடியில் சாப்பிட்ட மதியம்

கானாடுகாத்தானில் பழைய வீடொன்றை விடுதியாக நடத்துகிறார்கள். வருகிறவர்களைக் கவனிப்பது என் வேலை. போன ஐப்பசியில் லண்டனிலிருந்து ஒரு அம்மா தன் மகளோடு வந்து தங்கினார். எண்பதைத் தாண்டியவர். ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரம் பெரிய இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மா குனிந்து தேக்கு மேசையின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். "உள்ளே போய் உட்காரலாமா?" என்று என்னிடம் கேட்டார். மகள் வேண்டாம் என்பதற்குள் மண்டியிட்டு நுழைந்துவிட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் சேலையைச் செருகிக்கொண்டு தவழ்ந்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது யுத்தம். குண்டு விழுந்தால் பதுங்கிக்கொள்ள, வீட்டுக்குள் அரசாங்கம் கொடுத்த இரும்பு மேசை ஒன்று. மேலே சாப்பாடு, அடியில் படுக்கை, சுற்றிலும் கம்பி வலை. ஒரு பகலில் இவருடைய அம்மா உருளைக்கிழங்கு வேகவைத்து மேசையில் வைத்த நேரம் அபாயச் சங்கு ஊதியது. அம்மா, தம்பி, இவர் மூவரும் அடியில் புகுந்தார்கள். பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்து, வீட்டுக் கூரை மேசைமேல் இறங்கியது. மேசை தாங்கிவிட்டது. அக்கம்பக்கத்தார் வெளியே இழுத்தபோது மூவரும் சுண்ணாம்பில் புரண்டவர்கள் மாதிரி இருந்தார்களாம். யார் அக்கா, யார் தம்பி என்று தெரியாமல் தெருவே சிரித்ததாம்.

குழம்போடு வந்த சமையல்கார அக்கா குனிந்து பார்த்தார். "என்ன சொல்றாக?"

தமிழில் சொன்னேன்.

"அந்தக் கெழங்கு என்னாச்சுன்னு கேக்குறீகளா?"

கேட்டேன். அந்த அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இத்தனை வருஷத்தில் யாருமே கேட்டதில்லை. எல்லாம் மண்ணோடு போயிற்று. வீடு போனதற்கு அழாத அம்மா அதற்கு அழுதார்."

"அப்பப் பசியோட இருந்துருப்பாக," என்றார் அக்கா. "எந்திரிக்க வேணாம்னு சொல்லுங்க. எலைய அங்குட்டே கொண்டாரேன்."

கொண்டுவந்தார். சோறு, கோழிக் குழம்பு, அப்பளம். கடைசியில் மகளும் உள்ளே வந்துவிட்டாள். அம்மா இந்தக் கதையைத் தன்னிடம் சொன்னதே இல்லை என்றாள். மழை கொட்ட, தலை இடிக்க இடிக்கச் சாப்பிட்டோம். எழுந்திருப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஒரு கையை மகளும் மறு கையை அக்காவும் பிடித்துத் தூக்க, அந்த அம்மா பாதியில் சிரித்து மறுபடி உட்கார்ந்துவிட்டார்.